கேபிளை இறுக்கும் முன்

கண்டியில் பின்பிரேக் கெட்ட கார் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு கராஜுக்கு வருவதில்லை. "பாஸ், ஹேண்ட் பிரேக் மேல வரைக்கும் வருது, ஆனா பிடிக்குதில்ல. கேபிள கொஞ்சம் இறுக்கி விடுங்க" என்றுதான் வரும். பத்து நிமிட வேலை என்ற நினைப்பில் சிலர் இஞ்சினைக்கூட நிறுத்தமாட்டார்கள். கேட்டபடி இறுக்கிக் கொடுத்தால் அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள், எனக்கும் காசு வந்துவிடும். அடுத்த அடைமழைக்குள் அதே குறையோடு திரும்பி வருவார்கள். இல்லாவிட்டால் வேறு கராஜ் தேடுவார்கள்.

பழைய காரின் பின்பிரேக்கில் கேபிளைத் தொடுவது கடைசி வேலை. என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் கிழமையே இதைச் சொல்லிவிடுவேன்.

முன்சில்லுகளில் டிஸ்க்கும் பின்சில்லுகளில் ட்ரம்மும் உள்ள கார்தான் எங்களிடம் அதிகம் வருவது. பிரேக் அழுத்தும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சில்லுகளுக்கே போகிறது. அதனால் பின்பக்கம் மெல்ல மெல்லச் செத்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. கொழும்பு போன்ற சமதரையில் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டலாம். கண்டியில் முடியாது. பஹிரவகந்தப் பாதையிலோ அம்பிட்டிய ஏற்றத்திலோ முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டால், ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் ஆகவேண்டும். இந்தக் கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் ட்ரம்மை மட்டும். மறைந்திருந்த குறை அந்த ஏற்றத்தில் வெளியே வரும்.

இங்கே பழைய கார் ஓடுவது ஆசைக்காக மட்டுமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் கண்டியில் ஓடியதெல்லாம் ஏற்கெனவே நாட்டில் இருந்த கார்கள்தான்: பாக்ஸ் லான்சர், டி.எக்ஸ். கொரோல்லா வேகன், பி11 சன்னி, ட்ராட் சன்னி, மாருதி 800. இவற்றுக்கு நடுவே ஒரு மோரிஸ் மைனரும் வரும். மைனருக்கு நான்கு சில்லிலும் ட்ரம், பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்கூம் பூஸ்டரும் கிடையாது. அப்படியிருந்தும் அது நிற்கிறதென்றால் ட்ரம்மின் அமைப்புதான் காரணம். சுழலும் ட்ரம், உள்ளிருந்து தன்னை அழுத்தும் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்கிறது. 1902இல் லூயி ரெனோ தன் காரில் வைத்த நாளிலிருந்து ட்ரம்முக்குப் பலமும் அதுதான், தொல்லையும் அதுதான். கால் கொடுக்கும் அழுத்தத்தைப் பெருக்குவதுபோல உள்ளே இருக்கும் சின்னக் கோளாறையும் பெருக்கிக் காட்டும்.

கார் வந்ததும் ஸ்பேனரை எடுக்காமல் கேள்வியில் தொடங்குவேன். பெடல் தாழ்ந்து போகிறதா? இரண்டாம் முறை மிதித்தால் உயர்கிறதா? காலை அப்படியே வைத்திருந்தால் மெல்ல இறங்குகிறதா? பிரேக் ஓயில் ஊற்ற வேண்டியிருந்ததா? ஊற்றியதாகச் சொன்னால், எங்கே போனது என்று கேட்பேன். வெளியே ஒழுகியதைக் கண்ட ஆள் அநேகமாக இருக்கமாட்டார், ஏனென்றால் அது ட்ரம்முக்குள் ஒழுகியிருக்கும்.

மிதித்து வைத்த பெடல் மெல்ல இறங்கினால், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், மாஸ்டர் பம்ப் கப் போயிருக்கும். பஞ்சுபோல அமுங்கினால் லைனில் எயர். முதல் மிதிக்குத் தாழ்ந்து இரண்டாம் மிதிக்கு உயர்ந்தால், பெரும்பாலும் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. இந்த மூன்றாவதை உறுதிசெய்யக் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதிக்க வேண்டும். இழுக்காதபோது தாழ்ந்த பெடல் இப்போது உயரத்திலேயே நின்றால், வீணாகப் போன அந்தத் தூரம் பின்ஷூக்களில் இருக்கிறது. மாஸ்டர் பம்பை மாற்றச் சொல்லி அனுப்பப்பட்ட கார்கள் சிலவற்றுக்கு இந்த ஒரு சோதனையால் செலவு மிச்சமாகியிருக்கிறது.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான ஜப்பான் கார்களின் பின் ட்ரம்முக்குள் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உண்டு. ஷூவின் மேல் ஒட்டிய லைனர் தேயத் தேய ஒரு நெம்பு அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி, ஷூக்களை வெளியே நகர்த்தும். சில கார்களில் ஹேண்ட் பிரேக் இழுப்பதே அந்த நெம்பை வேலைசெய்ய வைக்கிறது. இந்தப் பல்சக்கரம் தூசியிலும் துருவிலும் இறுகிவிட்டால் இடைவெளி கூடும், ஹேண்ட் பிரேக் உயரும். அப்போது கேபிளைச் சுருக்கினால், ட்ரம்முக்குள் கேபிள் பிடித்திழுக்கும் கை முழுதாகத் தன் இடத்துக்குத் திரும்ப முடியாமல் பாதி வழியில் நிற்கும். திரும்பாத கையை வைத்துக்கொண்டு அட்ஜஸ்டர் அடுத்த பல்லைப் பிடிக்காது. கேபிளை இறுக்கியவர் கொஞ்சம் உயிரோடிருந்த அட்ஜஸ்டரையும் கொன்றுவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். சரியான ஒழுங்கு இதுதான்: கேபிளை முழுதாகத் தளர்த்து, ஷூவைச் சரிசெய், பெடலைப் பலமுறை மிதித்து ஷூக்களை நடுவுக்கு வரவிடு, அதற்குப் பிறகும் லீவர் உயரமாக வந்தால் மட்டும் கேபிளைத் தொடு. ஐந்தாறு கிளிக்கில் பிடித்தால் போதும்.

ட்ரம்மைக் கழற்றுவதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். முன்சில்லுகளுக்குக் கல் கொடுத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். பழைய ட்ரம்மின் விளிம்பில், லைனர் படாத இடத்தில், துரு வரம்பு கட்டியிருக்கும். ஷூ அந்த வரம்புக்குள் மாட்டிக்கொண்டால் எவ்வளவு அடித்தாலும் ட்ரம் வராது. ட்ரம்முக்குப் பின்னாலிருக்கும் பேக் பிளேட்டில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். ட்ரம் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தால், இரண்டிலும் போல்ட்டைப் போட்டு மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் ட்ரம் தானாக வெளியே நகரும். பின்னால் கம்பியைக் கொடுத்து நெம்பினால் பேக் பிளேட் வளையும். வளைந்த பேக் பிளேட்டில் ஷூ நேராக உட்காராது.

திறந்ததும் காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. பழைய லைனர்களில் கல்நார் உண்டு, அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. நான் வேலை பழகிய காலத்தில் எல்லோரும் ஊதினார்கள், ஊதிய தூசிக்குள் நின்றே பிளேன் டீயும் குடித்தோம். இப்போது என் கராஜில் தண்ணீரும் ஈரத் துணியும்தான். பையன்கள் ஊதினால் நான் கத்துவது அடுத்த கடைக்கும் கேட்கும்.

பிறகு பார்க்கவேண்டும், முகரவேண்டும். உள்ளே காய்ந்த கருஞ்சாம்பல் தூசி இருந்தால் நல்லது. ஷூக்களைத் தள்ளும் வீல் பம்பின் ரப்பர் மூடியைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் மெதுவாக ஒதுக்கிப் பார்ப்பேன். இலேசான கசிவு படிந்திருந்தால் குறித்து வைத்துக்கொள்வேன். சொட்டாக வழிந்தால் பம்ப் வேலை. பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உரசும் மேடைகளை நகத்தால் தடவிப் பார்ப்பேன். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் தடுக்கி நிற்கும், புது லைனர் போட்டாலும் நிற்கும். ட்ரம்மின் உட்சுவரில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. லைனர் ஒரு மில்லிமீட்டர் மிஞ்சும் வரை தேயலாம் என்று சில கையேடுகள் சொல்லும். மலைநாட்டு ஓட்டத்துக்கு நான் இரண்டிலேயே மாற்றச் சொல்வேன்.

ஈரம் கண்டால் எந்த ஈரம் என்று தெரிந்தாகவேண்டும். கம்பளைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொரோல்லா வேகனோடு வந்தார். மழையில் பிரேக் அழுத்தினால் பின் இடச்சில்லு மட்டும் இறுகி, கார் ஒரு பக்கம் இழுக்கிறதாம். வேறொரு கராஜில் இரண்டு பக்கமும் லைனர் மாற்றினார்கள், வீல் பம்ப்களும் மாற்றினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்து, பிறகு பழைய கதை.

"புது லைனர் தம்பி, நானே கடையில நின்டு வாங்கிக் குடுத்தேன். அதுலயும் பிழையா?"

"லைனர்ல பிழையில்ல சேர். இத மோந்து பாருங்க" என்று இடது ஷூவை நீட்டினேன்.

அவர் மூக்கைச் சுளித்தார். கியர் ஓயிலுக்குக் கந்தக நாற்றம் ஒன்று உண்டு, ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பிரேக் ஓயில் அப்படி நாறாது. கொஞ்சம் ஓயில் பட்ட லைனர் வழுக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நனைந்து ஊறினால் வழுக்கும், உண்மைதான். ஆனால் இலேசாகப் பட்ட லைனர் பிசுபிசுத்து, ட்ரம்மைச் சட்டென்று கவ்வும். பழுதான சில்லு எது என்பதில் பலர் ஏமாறுவது இதனால்தான்.

அக்சில் ஓயில் சீல் கசிந்திருந்தது. சீலை மாற்றினால் வேலை முடிந்ததா? சீல் அவ்வளவு பழையதாகத் தெரியவில்லை. கொரோல்லா வேகன் பின்சில்லு இழுவை, பின் அக்சிலுக்குள் டிஃப் ஓயில் இருக்கிறது. ஓடும்போது ஓயில் சூடாகி உள்ளே காற்று விரியும். அந்தக் காற்று வெளியேற அக்சில் கூட்டின் மேல் ப்ரீதர் என்று சின்னதாய் ஒரு மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். கீழே படுத்துப் பார்த்தால் ப்ரீதர் தோட்டப் பாதைச் சேற்றில் சிமெந்து போட்டதுபோல அடைபட்டிருந்தது. வெளியேற வழியில்லாத காற்று சீலின் வாயால் ஓயிலைத் தள்ளியிருக்கிறது. ப்ரீதரைக் கம்பியால் குத்தித் திறக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. சீல் புதிது, டிஃப் ஓயில் அளவு பார்த்துக் குறைத்தேன், இரு பக்கமும் லைனர் மறுபடி புதிது. நனைந்த லைனரைப் பெற்றோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்கள் உண்டு. உள்ளே ஊறிய ஓயில் முதல் சூட்டிலேயே மேலே வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் ஆகாது. இடமும் வலமும் ஒரே லைனராக இல்லாவிட்டால் கார் மறுபடி இழுக்கும்.

இன்னொரு வகைக் குறை பிடிக்காமல் போவதில்லை, பிடித்ததை விடாமல் போவது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் அது மொத்தமாக வந்தது. பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற கார்கள், பிறகு கியூ.ஆர். அட்டையில் கிழமைக்கு 20 லிட்டர் என்ற கணக்கு வந்ததும் வீட்டு வாசலிலேயே கிடந்த கார்கள். கண்டி ஈரத்தில் ஹேண்ட் பிரேக் போட்டபடி கிழமைக்கணக்கில் நிறுத்தினால் லைனர் ட்ரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வீல் பம்பின் பிஸ்டனும் கேபிளும் அதே ஈரத்தில் இறுகும். அந்த வருடக் கடைசியில் என் கராஜுக்கு வந்த பின்பிரேக்குகளில் தேய்ந்து வந்தவற்றைவிடக் கிடந்து கெட்டவையே அதிகம்.

அக்குறணை வியாபாரி ஒருவரின் பாக்ஸ் லான்சர் அப்படித்தான் என்று முதலில் பார்த்தவர்கள் நினைத்தார்கள். நுவரெலியா போய் வரும் வழியில் புசல்லாவைக்குக் கீழே கார் பாரமாகி, பின்சில்லு இரண்டிலும் புகை வந்ததாம். குளிரவிட்டதும் சரியாகி ஓடியிருக்கிறது.

"நானா, ஹேண்ட் பிரேக் கேபிள் மாத்தினீங்களா?"

"அது மாத்தியாச்சி பாஸ். ஷூவும் ஸ்பிரிங்கும் மாத்தியாச்சி. இனி மாத்த கார்தான் மிச்சம்."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேடவேண்டும். காரை ஓட்டிச் சூடாக்கி, இறுகிய நிலையிலேயே ஸ்டாண்டில் ஏற்றினேன். பின்சில்லைக் கையால் சுற்றினால் அசையவில்லை. முதலில் மாஸ்டர் பம்பில் பின் லைனின் நட்டைத் தளர்த்தினேன். சில்லு அசைந்திருந்தால் மாஸ்டர் பம்புக்குள் ஓயில் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அசையவில்லை. பையனை வீல் பம்பின் நிப்பிளைத் தளர்த்தச் சொன்னேன். ஓயில் பீச்சியடித்தது, சில்லு உடனே சுற்றியது. அப்போதும் சுற்றாதிருந்தால் குறை கேபிளிலோ ஸ்பிரிங்கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே அழுத்தம் இரண்டு இடங்களுக்கும் நடுவில் அடைபட்டுக் கிடந்தது. நடுவில் இருப்பது பின் அக்சிலுக்குப் போகும் ஒற்றை ரப்பர் ஹோஸ்.

கழற்றிய ஹோஸ் வெளியே பார்க்க நல்லதாகத்தான் இருந்தது. பையனுக்காகக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினேன். உட்சுவர் ரப்பர் ஊதி, ஒரு பக்கம் தோலாய்க் கிழிந்து வழியில் தொங்கியது. காலால் மிதிக்கும் அழுத்தத்துக்கு அந்தத் தோல் விலகி ஓயிலை அனுப்பும். திரும்பி வருவது ஸ்பிரிங்கின் மெல்லிய அழுத்தத்தில்தான், அதற்கு விலகாது. யாரோ எப்போதோ பிரேக் ஓயிலுக்குப் பதில் வேறு ஓயில் ஊற்றினாலும் ரப்பர் இப்படி ஊதும். அதனால் பிரேக் ரப்பரைக் கழுவப் பெற்றோலோ மண்ணெண்ணெயோ தொடுவதில்லை. ஸ்பிரிட் அல்லது புதுப் பிரேக் ஓயில். நானாவின் கையில் கொடுத்த பில்லில் ஒரு ஹோஸும் ஒரு போத்தல் ஓயிலும்தான் இருந்தன.

மலையிறக்கம் பிரேக்கை என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கண்டி ஏறத்தாழ 500. ஆயிரம் கிலோ கார் ஒன்று அந்த உயரத்தை இழந்து இறங்கும்போது விடும் சக்தி, 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். குறைந்த கியரில் வந்தால் அதில் நல்ல பங்கை இஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு வருகிறவர் பெரும்பகுதியைப் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். இஞ்சினையும் நிறுத்தினால் இரண்டு மூன்று மிதியோடு பூஸ்டரும் போய்விடும்.

டிஸ்க் வெளிக்காற்றில் ஆறும். ட்ரம்முக்குள் சூடு தங்கும். சூடான ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் தாழும், லைனரும் வழுக்கும். பிரேக் ஓயில் பழையதாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் சேரும். டொட் 3 ஓயிலின் கொதிநிலைக்குத் தரம் சொல்லும் குறைந்தபட்ச அளவு புதிதில் 205 பாகை, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. வீல் பம்புக்குள் ஓயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும். கண்டி ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓயிலை முழுதாக மாற்றுங்கள் என்று நான் சொல்வது விற்பனைக்காக இல்லை. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த பாதையைத் தாண்டி மாவனெல்லை நோக்கி இறங்குகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

உதிரிப்பாகம் தனிக் கவலை. 1990களில் மோரிஸ் மைனருக்கு இலங்கையிலேயே பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் இருந்தது. இன்று கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கு ஆள் அனுப்பினால் ஒரே காருக்கு மூன்று அளவில் வீல் பம்ப் வரும். கழற்றிய பம்பில் வார்த்திருக்கும் அளவைப் படித்து, அதையே வாங்கவேண்டும். 11/16 அங்குலம் இருந்த இடத்தில் 3/4 அங்குலம் போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஷூவைத் தள்ளும் பலம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடும். ஒரு பக்கம் அது, மறு பக்கம் இது என்று போட்ட கார் மழையில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அட்ஜஸ்டரிலும் இடம் வலம் உண்டு. ஒன்றுக்கு வலமரை, மற்றதற்கு இடமரை. மாற்றிப் போட்டால் விரியவேண்டியது சுருங்கும். அதனால் ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறு பக்கத்தைப் பிரிப்போம். பிரிக்காத பக்கத்தைப் படம்போலப் பார்த்துப் பூட்டலாம்.

ட்ரம்மை லேத்தில் கடைவதற்கும் எல்லை உண்டு. அதிகபட்ச விட்டம் பல ட்ரம்மில் வார்த்தே இருக்கும். சிறிய கார்களில் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவுதான் கூடுதல். அதைத் தாண்டிக் கடைந்த ட்ரம் மெலிந்துபோய்ச் சீக்கிரம் சூடாகும். புது ஷூவின் வளைவும் அதில் முழுதாகப் படியாது. "இந்த முறை மட்டும் கடஞ்சி தாங்க பாஸ்" என்பவர்களிடம் அளவுகோலைக் காட்டி மறுத்துவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும்.

எல்லாம் பூட்டி, மாஸ்டர் பம்புக்குத் தூரமான பின் இடச்சில்லில் தொடங்கி எயர் எடுத்து, காரை ஓட்டிப் பார்க்கும்போது ஹேண்ட் பிரேக்கை ஏற்றத்தில் இரண்டு முறை சோதிப்பேன்: ஒருமுறை மூக்கு மேலே பார்க்க, ஒருமுறை கீழே பார்க்க. ட்ரம் சுழல முயலும் திசை மாறினால் தன்னை இறுக்கிக்கொள்ளும் ஷூவும் மாறும். ஒரு திசையில் பிடித்து மறு திசையில் நழுவுகிற கார், ஒரு ஷூ சரியாக உட்காரவில்லை என்று சொல்கிறது. அந்தக் காரைத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி திறக்கவேண்டியதுதான்.

கார் கொடுக்கும்போது கழற்றிய பாகங்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். புது லைனர் ட்ரம்மோடு படிந்த பிறகு, ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை இடைவெளி பார்க்க வரச் சொல்வேன், அதற்குக் காசில்லை. பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "எப்படியும் தூக்கிட்டீங்க பாஸ், அந்தக் கேபிளையும் கொஞ்சம் இறுக்கிவிட்டா என்ன?" லீவர் எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது என்று அவரையே இழுத்து எண்ணச் சொல்வேன். ஐந்தோ ஆறோ என்றால் கேபிளில் கைவைக்காமலே அனுப்பிவிடுவேன்.